முகமூடி எல்லை கடக்கும், மொழி?



கோட்டுகால், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களில் வாழும் நம் குடும்பத்துச் சிறார், பள்ளி விட்டு வந்ததும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, முகமூடி அணிந்த வீரர்களின் சாகசங்களில் மூழ்கிவிடுவதை நாம் அறிவோம். அவ்வீரர்களுள் பலருக்குத் தாயகம் ஜப்பான்.

முகம் மறைந்த வீரனை அடையாளம் காட்டுவது எது? அவன் பேசும் சொல்லே. ஆகவே அத்தொடர்களில் கதை வசனம் எழுதுவோருக்குத் தனிச் சிறப்புண்டு. 1971-இல் தொடங்கிய 'காமன் ரைடர்' தொடரை எழுதியோருள் தலையாயவர் இகாமி மசாரு. அவருடைய மைந்தர் இனோவே தொஷிகியும் அத்துறையிலேயே எழுதி முதிர்ந்தவர். 2003-இல் தொடங்கிய 'காமன் ரைடர் ஃபைஸ்' தொடரின் 50 பகுதிகளையும் அவர் ஒருவரே எழுதினார். வீரர்கள் ஒருவரையொருவர் தவறாக எண்ணிப் பிணங்குவர்; உண்ணும் இடத்திலும் சொற்போர் தொடுப்பர்; அரக்கர் என நாம் வெறுப்போர் நெஞ்சிலும் ஆறாத் துயர் இருக்கும். இவை அவருடைய முத்திரைகள்.

ஆயின், ஜப்பானிய வீரர் கடல் கடந்தபோது நேர்ந்தது யாது? 1992-இல் அங்கு வெளிவந்த 'ஜூரேஞ்சர்' தொடரின் போர்க்காட்சிகளை எடுத்துக்கொண்டு, அமெரிக்கர் 1993-இல் 'பவர் ரேஞ்சர்ஸ்' தொடரை அமைத்தனர். முகமூடிக் காட்சிகளை வைத்துக்கொண்டனர். முகம் தெரியும் காட்சிகளைத் தம் நடிகரைக் கொண்டு புதிதாக எடுத்தனர். முகமூடி கரையேறிற்று, எழுதியவரின் சொல் ஊரிலேயே தங்கிவிட்டது.

தமிழிலும் இத்தகைய வீரன் ஒருவன் உண்டு. அவன் பெயர் 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய கதை, 1954-இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தாரால் படமாயிற்று. இயக்கியவர் ஸ்ரீராமுலு நாயுடு. வசனம் தீட்டியவர் மு. கருணாநிதி. பல வேடம் பூண்டு எளியோரைக் காக்கும் வீரனாக எம்.ஜி.ஆர். தோன்றினார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அப்படத்தை நாடி வந்தது.

வசனகர்த்தாவின் முத்திரையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதலெழுத்து ஒத்து அடுக்கடுக்காய் வரும் சொற்கள். எதிரெதிர் நிறுத்திய தொடர்கள். வினா மேல் வினாவாய் எழுந்து அவையை வாயடைக்கச் செய்யும் பேச்சு. 'பராசக்தி'யின் (1952) நீதிமன்றத்திலும், 'மனோகரா'வின் (1954) விலங்கு பூண்ட இளவரசனிடத்தும் அம்முத்திரையைக் காணலாம். 2011-இல் 'பொன்னர் சங்கர்', தொண்ணூறைக் கடந்தபின் 2015-இல் தொலைக்காட்சிக்கென 'இராமானுஜர்' என அவர் கை ஓயவில்லை. 2018-இல் மறைந்தார்.

அந்த மலைக்கள்ளன் இந்தியில் 'ஆசாத்' (1955) ஆனான். மலையாளத்தில் சத்யன் நடிக்க, 'தஸ்கரவீரன்' (1957) ஆனான். அவ்வம்மொழிக்குரிய அழகு அவற்றுக்கும் உண்டு, அதில் ஐயமில்லை. எனினும், கதை சென்றதேயன்றி, தமிழின் மோனை உடன் செல்லவில்லை. செல்லவும் இயலாது. மோனை மொழியின் உடம்போடு பிறந்தது.

இதனை இப்போது கூறுவானேன்? 1956 நவம்பர் 1-இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று இங்கேயே தங்கியவரும், பின்னர்ப் பிழைப்பை நாடிக் குடியேறியவருமே நாம். நம் மக்கள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். "வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், அது போதாதா?" என்பர் பெற்றோர் சிலர். சோறு கேட்க அது போதும். நீதிமன்றத்தில் நின்று நியாயம் கேட்கும் குணசேகரனின் பேச்சை நுகர அது போதாது. அத்தமிழ் செவிவழிப் புகவில்லையேல், நம் பிள்ளைகளுக்கு மலைக்கள்ளனும் வெறும் முகமூடியே ஆவான்.

வழி எளிது. ஞாயிறுதோறும் ஒரு பழம்படத்திலிருந்து ஒரு காட்சி மட்டும் பிள்ளைகளோடு காண்போம். நிறுத்தி, அவ்வசனத்தை அவர்களையே உரக்கச் சொல்லச் செய்வோம். எந்த எழுத்து மீண்டும் மீண்டும் வருகிறதெனக் கேட்போம். அடுத்த வாரம் அதே கதையை மலையாளத்தில் காட்டி, எது நிலைத்தது, எது மாறிற்று என வினவுவோம். வேற்றுமையைத் தானே கண்டு சொல்லும் பிள்ளை இரு மொழிக்கும் உரியதாகும், இரண்டையும் மதிக்கும். எல்லையில் வாழ்வோர்க்குக் கிடைத்த பேறு அது. அதனை நம் மக்கள் இழக்கலாமா?