நாடி பார்க்கும் கடிகாரம்

ஓடுபவர்கள் அணியும் கடிகாரத்தைப் பற்றித் தமிழ் இலக்கியம் கற்பிப்பவன் என்ன சொல்லிவிட முடியும் என்று வாசகர்கள் ஐயுறலாம். நியாயந்தான். ஆனால் நாற்பதைக் கடந்தபின் விடியற்காலையில் ஓடத் தொடங்கிய ஆசிரியர்கள் எங்கள் கல்லூரியில் பெருகிவிட்டார்கள். அவர்களுள் நானும் ஒருவன். ஊதிய நிலுவைக்கு அடுத்தபடியாக ஆசிரியர் அறையில் இப்போது அதிகம் அடிபடும் பேச்சு, இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரங்களுள் எதை வாங்குவது என்பதே. விலை அலசப்படுகிறது, திரையின் பளபளப்பு அலசப்படுகிறது, எத்தனை வகை விளையாட்டுகள் அதில் அடங்கும் என்று கணக்கிடப்படுகிறது. அது காட்டும் எண் எங்கிருந்து வருகிறது, அதைச் சரிபார்க்க வழியுண்டா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. வாங்குபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவே என்பது என் துணிபு.

கடிகாரத்துக்கும் நாடிக்கும் உள்ள உறவு நாம் எண்ணுமளவு பழையதன்று. முல்லைப்பாட்டின் பாசறையில் நாழிகைக் கணக்கர் நீர் வட்டில் பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவிக்கிறார்கள். அந்த வட்டிலைக் கொண்டு ஒருவனுடைய நாடியை எண்ண இயலாது. நம் சித்த மருத்துவர்களும் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் என்று நாடியின் நடையைப் பார்த்தார்களேயன்றி நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணுவதை முதன்மையாகக் கொண்டவர்கள் அல்லர். எண்ணுவதற்கு நொடி தெரியவேண்டும். இங்கிலாந்தில் ஜான் ஃபிளாயர் என்ற மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைக் கொண்டு நாடி எண்ணும் முறையை 1707-இல் நூலாகவே எழுதினார். அதன்பின் 1982-இல் பின்லாந்தின் போலார் நிறுவனம், மார்பில் கட்டிய பட்டையிலிருந்து கம்பியின்றி மணிக்கட்டுக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பட்டையும் வேண்டா, கடிகாரமே போதும் என்கிறார்கள். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மார்புப் பட்டை பார்ப்பது மின்சாரத்தை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மெல்லிய மின்னலையைத் தோலின்மேல் பிடிக்கிறது, ஈ.சி.ஜி. எடுக்கும்போது நடப்பதன் எளிய வடிவம் இது. மணிக்கட்டுக் கடிகாரம் பார்ப்பது ஒளியை. அதன் அடிப்புறத்தில் மின்னும் பச்சை விளக்கின் ஒளி தோலுக்குள் சென்று திரும்புகிறது. குருதி பாயும்போது மிகுதியாக உறிஞ்சப்பட்டும் வடியும்போது குறைவாக உறிஞ்சப்பட்டும் வரும் அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பைக் கணிக்கிறது. முன்னது இதயத்தின் பேச்சை நேரில் கேட்பது. பின்னது எதிரொலியைக் கேட்டுப் பேச்சை ஊகிப்பது. உட்கார்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் எதிரொலி தெளிவாகவே கேட்கிறது. ஓடும்போது கை வீசுகிறோம், கடிகாரம் தோலின்மேல் நகர்கிறது, வெளியொளி உட்புகுகிறது, மணிக்கட்டுத் தசைநார்கள் அசைகின்றன. அந்த ஆரவாரத்தில் கருவி சில வேளைகளில் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடுகிறது. நிதானமாக ஓடுபவரும் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைப்பதுண்டு. இதயம் 135-இல் இருக்கக் கடிகாரம் 170 என்று கூசாமல் காட்டும் விந்தை இப்படித்தான் நிகழ்கிறது.

அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 பேரிடம் இத்தகைய கருவிகளைச் சோதித்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருத்த தோலில் பச்சை ஒளி பிழைபடுமோ என்ற ஐயம் நம்மைப் போன்றவர்களுக்கு இயல்பானது. தோலின் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றே அவ்வாய்வு கண்டது. ஆனால் கருவிக்குக் கருவி வேறுபாடு இருந்தது. ஓய்வைக் காட்டிலும் இயக்கத்தின்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு மிகுந்தது. நாம் எதற்காகக் கடிகாரம் வாங்குகிறோமோ அந்த வேளையில்தான் அது தடுமாறுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே நான் சொல்லும் முதல் இலக்கணம், கடிகாரம் வெளியிலிருந்து ஒரு மார்புப் பட்டையை ஏற்க வேண்டும் என்பது. புளூடூத், ஆன்ட் பிளஸ் என்ற இரு வழிகளில் பட்டைகள் பேசுகின்றன. இரண்டையும் பேசும் பட்டைகளும் உண்டு. அழகான ஸ்மார்ட் வாட்சுகளுள் பல எதையும் ஏற்பதில்லை. கடைக்காரருக்குத் தெரியாதிருக்கலாம், பயன்பாட்டுக் கையேட்டைத் தரவிறக்கிப் படித்துவிடுவது உத்தமம். விலையுயர்ந்த கடிகாரம் ஒன்றை வாங்கிப் பட்டையைத் தவிர்ப்பதைவிட, எளிய ஓட்டக் கடிகாரமும் நல்ல பட்டையும் வாங்குவது அறிவுடைமை. ஜி.பி.எஸ். கடிகாரத்துக்குள்ளேயே இருக்கிறதா அல்லது கைப்பேசியிடம் கடன் வாங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். நம் ஊர் வெயிலில் திரை தெரிகிறதா என்பதைக் கடைவாசலுக்கு வந்து பார்த்துவிடலாம். பிற வசதிகளைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து எதுவும் இல்லை.

இரண்டாவது இலக்கணம் இன்னும் முக்கியமானது. இக்கடிகாரங்கள் துடிப்பைச் சொல்வதோடு நிற்பதில்லை; அதை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் பூசி, இப்போது நீங்கள் மிதமாக ஓடுகிறீர்கள், இப்போது மிகையாக ஓடுகிறீர்கள் என்று தீர்ப்பும் வழங்குகின்றன. அத்தீர்ப்புக்கு ஆதாரம் உங்கள் உச்சத் துடிப்பு. அது கடிகாரத்துக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. தொடக்கத்தில் நீங்கள் கொடுத்த வயதை 220-இலிருந்து கழித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே.

இந்த 220 என்ற எண்ணின் வரலாறு பாடபேத ஆராய்ச்சியில் பழகியவர்களுக்குச் சுவையானது. 1971-இல் ஃபாக்ஸ் என்பாரும் உடனிருந்தோரும் எழுதிய கட்டுரையோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். பிறர் முன்பே வெளியிட்ட தரவுகளைத் தொகுத்து நோக்கியபோது தோராயமாகக் கிடைத்த ஒரு கோடு அது. 2002-இல் ராபர்க்ஸ், லாண்ட்வேர் என்ற இருவர் இதன் மூலத்தைத் தேடிச் சென்று, இவ்வாய்பாட்டுக்கென்று முறையாக நிகழ்த்தப்பெற்ற மூல ஆய்வே இல்லை என்று நிறுவினார்கள். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களைப் போல, யார் எழுதியது என்று தெரியாமலே எல்லார் வாயிலும் வழங்கி வந்திருக்கிறது. 2001-இல் தனாக்கா முதலியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொன்னார்கள். அது இதனினும் சிறந்தது. எனினும் அதுவும் கூட்டத்தின் சராசரிதான்.

நாற்பத்தைந்து வயதினர் இருவரை எடுத்துக்கொள்வோம். பழைய வாய்பாட்டின்படி இருவர்க்கும் உச்சம் 175. மெய்யாக ஒருவருக்கு 187-ஆகவும் மற்றவருக்கு 163-ஆகவும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் விலகுவது இயல்பு. இருவரும் 140-இல் ஓடுகிறார்கள். முன்னவருக்கு அது உச்சத்தில் 75 விழுக்காடு, பேசிக்கொண்டே ஓடலாம். பின்னவருக்கு 86 விழுக்காடு, மூச்சு வாங்கும். கடிகாரம் இருவருக்கும் ஒரே நிறத்தைக் காட்டுகிறது. ஆகவே மண்டலங்களை நாமே மாற்றியமைக்க இடந்தராத கடிகாரத்தை, அது எவ்வளவு மலிவாயினும், நான் பரிந்துரைக்க மாட்டேன். உச்சத் துடிப்பை அறிய முழுமூச்சாக ஓடிப் பார்க்கிறேன் என்று எவரும் கிளம்பவேண்டா; நம் வயதில் அது மருத்துவர் முன்னிலையில் நிகழவேண்டிய சோதனை. அதுவரை, முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதையே அளவாகக் கொண்டு அப்போது காணும் எண்ணைக் குறித்து வரலாம்.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில், வேகத்தை மாற்றாமலே ஓடினாலும் அரை மணிக்குப்பின் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வியர்வையால் குருதியின் நீர்மம் குறைகிறது; உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் குருதி போகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைய, எண்ணிக்கையைக் கூட்டி இதயம் ஈடுசெய்கிறது. அச்சமும் காப்பியும்கூடத் துடிப்பை உயர்த்தும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென்று ஓர் இயலே வகுத்தார். கடிகாரத்துக்கு எல்லா மெய்ப்பாடும் ஒன்றே.

இதையெல்லாம் நான் வலியுறுத்தக் காரணமுண்டு. பச்சை நிறம் தெரிந்தால் உடம்பு நலமாக இருக்கிறது என்று கொள்ளும் மனநிலை நம்மிடையே பரவி வருகிறது. 1977-இல் வெளிவந்து பெருவிற்பனை கண்ட ஓட்ட நூலை எழுதி, அமெரிக்கர்களைத் தெருவில் ஓடவைத்தவர்களுள் ஒருவரான ஜிம் ஃபிக்ஸ், 1984-இல் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் ஓடும்போதே இறந்தார். இதயத் தமனிகள் கடுமையாக அடைபட்டிருந்தது பிணக்கூறாய்வில் தெரிந்தது. அவர் தந்தையும் இதய நோயால் நாற்பத்து மூன்றில் மறைந்தவர். மணிக்கட்டில் இன்றைய கடிகாரம் இருந்திருந்தாலும் அந்த அடைப்பை அது காட்டியிராது. ஈ.சி.ஜி. எடுக்கும் கடிகாரங்கள் 2018 முதல் வந்துவிட்டன. அவையும் ஒருவகைத் தாளக் குலைவைச் சுட்டுமேயன்றி மாரடைப்பைக் கண்டறிவதில்லை. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் தோன்றினால், திரை எந்த எண்ணைக் காட்டினாலும் நின்றுவிட வேண்டும். உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்வோரின் துடிப்பை அம்மருந்தே அடக்கி வைத்திருக்கும். அவர்கள் வயதுக் கணக்கை மறந்துவிட்டு, எந்த எண்ணுக்குள் ஓடலாம் என்று தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே தக்கது.

கடிகாரம் வந்துவிட்டதா? மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராதவாறு இறுக்கிக் கட்டி, இருபது நிமிடம் ஓடி, நின்றவுடன் திரையைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலின் அடியில் நாடி பிடித்துப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றபின் துடிப்பு விரைந்து இறங்குமாதலால் உங்கள் கணக்குச் சற்றுக் குறைவாகவே வரும். பத்துக்குள் வேறுபட்டால் பாதகமில்லை. முப்பது, நாற்பது என்று வேறுபட்டால் வாரை இன்னும் இறுக்கி, மறுகையில் மாற்றிக் கட்டி மும்முறை சோதியுங்கள். இணையத்தில் வாங்கியதாயின், திருப்பி அனுப்புவதற்கு அவர்கள் தரும் கெடு பெரும்பாலும் சில நாள்களே. பெட்டியையும் இரசீதையும் அதுவரை எறியவேண்டா.