நீர்வழிச் சத்திரம்

புதுச்சத்திரம் என்றதும் யாருக்கும் தண்ணீர் நினைவுக்கு வராது. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் நெடுஞ்சாலை ஊர் அது; சுற்றிலும் மேட்டாங்காடு. அங்கே படகுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு வேலையும் இல்லைதான். ஆனாலும், படகுத்துறை என்பது எதற்காக என்று விளக்க அந்த ஊர்ப் பெயரைக் காட்டிலும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

சத்திரம் என்பது என்ன? வழிநடையாய் வந்தவன் மூட்டையை இறக்கவும், வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துக் கட்டவும், இரவில் அச்சமின்றிக் கண்ணயரவும் இடம் தருவது. எல்லாச் சத்திரங்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பது நாம் வெட்கப்பட வேண்டிய தனிக் கதை. பல சத்திரங்களில் மூன்று நாளுக்குமேல் தங்கலாகாது என்றும் விதி உண்டு. வந்தவன் போனால்தானே வருகிறவனுக்கு இடம்!

இதே விதியை நெதர்லாந்து தேசத்தின் வடக்கேயுள்ள பிரீஸ்லாந்து மாகாணத்தில் தண்ணீரின்மேல் காணலாம். ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் நிறைந்த சீமை அது. ஏரியில் காற்று சீறினால் படகுக்காரர்கள் கால்வாய்க்குள் புகுந்து ஊர்க்கரையில் ஒதுங்குவார்கள். ஸ்னேக் என்ற நகரில் 1613-ல் கட்டிய இரட்டைக் கோபுர நீர்வாசல் இன்றும் நிற்கிறது. ஊர்த்துறையில் கட்டுவதற்கு வாடகை உண்டு. ஊருக்கு வெளியே, ஏரிக்கரைகளில், 1957-ல் ஏற்பட்ட ‘மாரெக்ரிட்டே’ என்னும் பொது அமைப்பு 3,000-க்கு மேற்பட்ட படகுகளுக்கு இலவசமாக இடம் அமைத்திருக்கிறது. அங்கேயும் மூன்று நாள்தான் கணக்கு! விரும்பியவர்கள் அதன் சிறு கொடியைக் காசு கொடுத்து வாங்கிப் படகில் பறக்கவிடுவார்கள். நம் ஊர் உண்டியல் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

படகைக் கட்டுவதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. காற்றுக்கு எதிர்முகமாக மெல்லக் கரையை அணுகினால், காற்றே படகின் வேகத்தைத் தணித்துவிடும். பிறகு முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் நீர்மட்டம் மாறும்போது ஆபத்து. தளர விட்டாலோ படகு கரையில் மோதும்.

நாமக்கல் பக்கத்துக் காவிரிக்கு இந்தச் சாஸ்திரம் வேண்டியதில்லை. பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. ஓடும் ஆற்றில் கட்டிய படகுக்கு நிம்மதி ஏது? நிம்மதியாகக் கட்டிவைக்க அசையாத நீர் வேண்டும். அதாவது கால்வாய் வேண்டும்.

அப்படியொரு கால்வாய் நம் நாட்டிலும் உண்டு. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, பிற்பாடு வடக்கே பெத்தகஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீண்டது பக்கிங்ஹாம் கால்வாய். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லா உட்பட நம் சீமையைச் சூறையாடியதல்லவா? அப்பொழுது சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள் பட்டினி கிடந்த ஜனங்கள். கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை; அப்போதைய கவர்னரான பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான் நிலைத்தது.

விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் ஓயாமல் போய் வந்தன. படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சென்ற கூலியாட்களின் பாட்டைப் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையில் பாடியிருக்கிறார். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டைக்கு மேற்கே இந்தக் கால்வாய் செல்கிறது. ஆனால் அவர்கள் 1825-ல் அவ்வூரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துப் போன பிறகுதான் கால்வாய் அங்கே வந்தது. கால்வாயை நன்கறிந்தவர்களுக்கு அதில் ஒரு படகைக் கட்டும் பாக்கியம் வாய்க்கவில்லை!

நமக்கு வாய்த்தது, நாம் என்ன செய்தோம்? 1965, 1966-ம் வருஷப் புயல்கள் கரையைச் சிதைத்தன. லாரி வந்தது; படகு மறைந்தது. சென்னை நகருக்குள் கால்வாயிலேயே ரயில் பாலத்துக்குத் தூண்கள் எழும்பின; சாக்கடை நீரும் கலந்தது. இவ்வளவுக்கும் பிறகு, 2004-ல் கடல் பொங்கி வந்தபோது அலையின் வேகத்தைப் பல இடங்களில் இந்தக் கால்வாய்தான் வாங்கிக்கொண்டது. 2008-ல் அதைத் தேசிய நீர்வழி 4-ன் பகுதியாகச் சட்டம் அறிவித்தது.

அறிவிப்பு நல்லதுதான். ஆயினும் சத்திரம் இல்லாமல் வழிநடை இல்லை; துறை இல்லாமல் நீர்வழியும் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் ஒருவன் இறங்கி நிற்கக்கூடிய ஒரு படித்துறை, கயிறு கட்ட ஒரு முளை, கரையில் குடிக்க நல்ல தண்ணீர்: இந்த மூன்றையும் கால்வாய்க் கரை ஊர் ஒவ்வொன்றும் கேட்டுப் பெறவேண்டும். பட்டினிக் கைகள் வெட்டிக் கொடுத்த நீருக்கு நாம் பட்டிருக்கும் கடனில் வட்டியாவது அடைபடும்.