வரி மாறியது, கம்ப்யூட்டர் மாறியதா?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்தும், தலைக்கு எண்ணெய், ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு இறங்கின. வரி குறைந்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நாம் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது.

விளாத்திகுளத்துப் பலசரக்குக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மென்பொருள்காரர் சொன்ன பொத்தானை அழுத்தியாயிற்று. "வெற்றிகரமாக முடிந்தது" என்று திரையும் சொல்லிவிட்டது. மறுநாள் நெய்க்கு பில் போட்டால் பழைய 12 சதவீதமே வந்து நிற்கிறது! ஆளைக் கூப்பிட்டால், அதே மாற்றத்தை டேட்டாபேஸுக்குள் நேரடியாகச் செய்து காட்டி, "இங்கே சரியாக ஓடுகிறதே, உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு" என்கிறார். இந்தப் பதிலை வணிகர்கள் ஏற்க வேண்டியதில்லை என்பது நமது கருத்து. நேரடியாக நடப்பது புரோகிராம் வழியாக நடக்கவில்லையென்றால் முதலில் சோதிக்க வேண்டியது புரோகிராமைத்தான்.

நம் பகுதியின் மிளகாய் வத்தலுக்கு எச்.எஸ்.என். எண் 0904, நெய்க்கு 0405. சரக்குப் பட்டியலை எக்செலிலிருந்து ஏற்றும்போது முன்னாலுள்ள சைபர் விழுந்து 405 என்று பதிவாகிவிடுவதுண்டு. பட்டியலைக் கண்ணால் பார்த்து 405 என்று அடிப்பவருக்கு வரி மாறும். புரோகிராமோ 0405-ஐத் தேடி, ஒன்றும் அகப்படாமல் திரும்பிவிடும். டேட்டாபேஸுக்கு இது பிழையே அல்ல. தேடியது இல்லை, எனவே மாற்ற எதுவுமில்லை, வேலை முடிந்தது! பூஜ்யம் சரக்கு மாறினாலும் அதற்கு வெற்றிதான்.

பிழை நேர்ந்தாலும் மறைத்துவிடும் புரோகிராம்கள் உண்டு. பழைய விஷுவல் பேசிக்கில் 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், எது தவறினாலும் வாய் திறக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். மாற்றத்தை உறுதி செய்யும் கடைசிக் கட்டளையை விட்டுவிட்டாலோ, புரோகிராமை மூடியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இன்னொன்று, விண்டோஸ் விஸ்டா வந்த 2007 முதலான தொல்லை. 'புரோகிராம் பைல்ஸ்' பகுதியில் எழுத அனுமதியில்லாத பழைய மென்பொருளுக்கு விண்டோஸ் சத்தமில்லாமல் தனிப் பிரதி ஒன்றை உண்டாக்கித் தருகிறது. பில் போடும் தம்பி மாற்றியது ஒரு பிரதி, முதலாளி திறந்து பார்ப்பது வேறு பிரதி.

நஷ்டம் யாருக்கு? வரி என்று வாங்கிய தொகையை அரசுக்குச் செலுத்தியே தீர வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76ஆம் பிரிவு. கூடுதலாக வாங்கியதில் நமக்குக் காலணா மிச்சமில்லை. வாடிக்கையாளர் பில்லைப் பக்கத்துக் கடை பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கெட்ட பெயர் மட்டும் நம்முடையது.

நிறுவனச் சட்டப்படி கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தனி உரிமையாளர் கடைகளுக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அதற்காக அந்த வசதியை நாம் கேட்கக் கூடாதென்று இல்லையே! எத்தனை சரக்கு மாறியது, எவை மாறவில்லை என்று திரையிலேயே காட்டட்டும். பில் பதிவாகி இருப்பு குறையாமல் நிற்பது கூடாது. இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டும் நடக்கக் கூடாது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்துக்கு மென்பொருள்காரர் வரும்போது இவற்றை எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.