பழைய மாருதியும் பெரிய என்ஜினும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உங்களில் மூவர் தனித்தனியே என்னிடம் வந்து ஒரே காரியத்தைச் சொன்னீர்கள். நம் சபையின் வாலிபர் ஒருவர், மறைந்த தம் தகப்பனார் ஓட்டிய மாருதி 800 காரை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, என்ஜினை இறக்கிவைத்துவிட்டு, வேறொரு பெரிய என்ஜினை ஏற்றப்போகிறார். இரவு பத்து மணிக்கும் கிரைண்டர் சத்தம் ஓயவில்லை. ஐயா பிரசங்கத்தில் இதைக் கண்டித்து இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்பது உங்கள் விண்ணப்பம்.

ஒருவருடைய பெயரைச் சொல்லாமல் பிரசங்கபீடத்திலிருந்து அவரைக் கண்டிப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. நம்முடையதைப் போன்ற சிறிய ஊரில் பெயரைச் சொன்னாலென்ன, சொல்லாவிட்டாலென்ன? ஆகவே செவ்வாய்க்கிழமை மாலை நானே அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது எழுதுவதையும் அந்தத் தம்பியிடம் வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

நான் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய என்ஜின் ஒரு சாக்கின்மேல் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் தனித்தனி டப்பாக்களில்; ஒவ்வொரு டப்பாவின்மேலும் அது எந்த இடத்துக்குரியது என்று எழுதி ஒட்டிய காகிதம். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் வயர்களின் நிறமும் அவை போய்ச் சேரும் இடமும் படமாக வரையப்பட்டிருந்தன. நாற்பது பக்கம் இருக்கும். வேலை தேடாமல் வீணாய்த் திரிகிறான் என்று நீங்கள் சொன்ன பிள்ளையின் கைவேலை இது. என் இறையியல் கல்லூரி நாட்களில் நான் இவ்வளவு ஒழுங்காக ஒரு நோட்டு எழுதியதாக நினைவில்லை.

ஆகவே அந்தக் கைகளைக் கண்டிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பெரிய என்ஜின் அந்தக் காரில் ஏறக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இந்த வாரம் எழுதுகிறேன்.

மாருதி 800 நம்மில் பலருக்கு முதல் கார். 1983 டிசம்பர் 14 அன்று, முதல் காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கையளித்தார். 2014 ஜனவரி வரை அது உற்பத்தியாகி, 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அதன் என்ஜின் மூன்று சிலிண்டர், 796 சிசி. ஆரம்பகால என்ஜின்களின் திறன் 40 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. காரின் எடை ஏறக்குறைய 650 கிலோ. சக்கரங்கள் 12 அங்குலம். இந்த எண்களெல்லாம் ஒன்றையொன்று பார்த்து வைக்கப்பட்டவை. ஜப்பானில் சிறிய கார்களுக்கு அன்றிருந்த 550 சிசி வரம்புக்காக உருவான உடலில், வெளிநாடுகளுக்கென்று சுசூகி நிறுவனமே 796 சிசி என்ஜினை வைத்தது. அதுவும் ஒருவகையில் என்ஜின் மாற்றந்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் பிரேக், ஸ்பிரிங், கியர் பெட்டி, ரேடியேட்டர் அனைத்தையும் சோதித்துப் பார்க்க வசதி உள்ளவர்கள்.

நம் தம்பி ஏற்ற விரும்பியது எஸ்டீம் காரின் 1,298 சிசி என்ஜின். நான்கு சிலிண்டர். ஆண்டைப் பொறுத்து 65 முதல் 85 குதிரைத்திறன் வரை தருவது. மெக்கானிக்குகள் நடுவே இது புதிய யோசனை அன்று. பல ஊர்களில் பலர் செய்திருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு, கொஞ்சம் வெட்டி ஒட்டினால் முன்பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும். உட்காரவைப்பது பாதி வேலைகூட அன்று என்பதைத் தம்பியே எனக்கு விளக்கினார். என்ஜின் தாங்கிகளைப் புதிதாகச் செய்யவேண்டும். முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகள் நீளத்திலும் பருமனிலும் ஒத்துவரவேண்டும். சிறிய ரேடியேட்டர் பெரிய என்ஜினின் சூட்டைத் தாங்காது. ஊசிமுறையில் பெட்ரோல் தெளிக்கும் என்ஜினாயின் அதற்கேற்ற பம்பும் கணினிப் பெட்டியும் வயர்த் தொகுதியும் வேண்டும். முன்பக்கப் பாரம் கூடுவதால் ஸ்பிரிங்கையும் மாற்றவேண்டும். இத்தனையும் அவர் நோட்டில் இருந்தன.

பிரேக்குக்கு மட்டும் ஒரு பக்கமும் இல்லை.

அதை நான் கேட்டபோது அவர் மௌனமாயிருந்தார். “ஐயா, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்” என்றார். நான் மெக்கானிக் அல்ல. ஆனாலும் பள்ளியில் படித்த கணக்கு மறக்கவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை நிறுத்த பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றலைவிட, அதே கார் 90 கிலோமீட்டரில் சென்றால் விழுங்கவேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. கூடுதல் எடையை இதில் இன்னும் சேர்க்கவில்லை. 12 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும் பிரேக், 40 குதிரைத்திறனை நினைத்து வைக்கப்பட்டது.

உபாகமப் புத்தகத்தில் வீடு கட்டுகிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும்; யாராவது தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் சாரம். மாடி கட்டாதே என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டுகிற ஆசையை அது மதிக்கிறது. விழக்கூடிய அந்நியனையும் அது மறக்கவில்லை. தம்பியின் நோட்டில் மாடி இருந்தது, கைப்பிடிச்சுவர் இல்லை. சாயல்குடி வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை நீங்கள் அறிவீர்கள். நேராக, ஆளரவமற்று, வேகத்தை அழைப்பதுபோல் கிடக்கும். திடீரென்று கருவேலங்காட்டிலிருந்து ஆட்டுமந்தை ஏறும். உப்பளத்து வேலை முடிந்து பெண்கள் கூட்டமாகக் கடப்பார்கள்.

நம் ஊருக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. மாரியூரில் இரும்புக்கு ஆயுசு குறைவு. ஒருபக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். மாருதி 800இல் லாரியைப்போலத் தனிச் சட்டம் கிடையாது. வளைத்து ஒட்டிய தகட்டு உடலே என்ஜினின் பாரத்தையும் தாங்குகிறது. இருபது ஆண்டுகள் உப்புக்காற்றில் நின்ற தகடு, வண்ணத்துக்கு அடியில் எப்படி இருக்கும்? தம்பி மிதியடியைத் தூக்கிக் காட்டினார். ஓட்டுநர் பக்கத்தில் தரை தெரிந்தது. துருப்பிடித்த தகட்டின்மேல் வெல்டிங் பிடிப்பதில்லை. பிடித்ததுபோல் தோன்றி, குலுங்கும்போது ஓரத்தில் கிழியும். நம் மீனவ சகோதரர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. பழைய வள்ளத்தில் அளவுக்கு மீறிய என்ஜினை மாட்டினால் பின்பலகை என்னவாகும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று கூறுகிறது. அதே வகை என்ஜினை மாற்றுவது வேறு காரியம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று, புதிய எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ளலாம். எரிபொருளை மாற்றுவதற்கும், மின்சாரத்தில் ஓட்டுவதற்கும்கூட, அங்கீகாரம் பெற்ற கருவியானால் வழி உண்டு. பெட்ரோல் காரில் இரட்டிப்புத் திறனுள்ள பெட்ரோல் என்ஜினை ஒளித்துவைக்கத்தான் வழி இல்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் அதில் இடமுண்டு.

பையிலே இரண்டுவிதப் படிக்கற்களை வைத்திருக்கக்கூடாது என்று அதே உபாகமம் வியாபாரிக்குச் சொல்கிறது. புத்தகத்தில் 796, பானட்டுக்குள் 1,298 என்பதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை கொஞ்சம் குறைவு. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

1990களின் பிற்பகுதியில், வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்தபோது, ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினேன். பெட்ரோல் காராகப் பிறந்தது. யாரோ ஒரு வேனின் டீசல் என்ஜினை அதில் வைத்திருந்தார்கள். அந்நாளில் தமிழ்நாடெங்கும் இது சாதாரணம். டீசல் மலிவு, ஐந்து கிராமங்களுக்கு ஆராதனைக்குப் போகவேண்டிய எனக்கு அது பெரிய உதவி. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றே இருந்தது. தெரிந்தே வாங்கினேன். சோதனைச் சாவடியில் இரண்டுமுறை நிறுத்தினார்கள். என் வெள்ளை அங்கியைப் பார்த்து, புத்தகத்தைத் திறக்காமலே “போங்க ஃபாதர்” என்று அனுப்பினார்கள். நானும் வாய் திறக்காமல் போனேன். பாரமான அந்த என்ஜினால் காரின் மூக்கு தாழ்ந்திருக்கும். மிதித்த இடத்தில் நிற்காது. ஒரு மாலை, சாலையேறிய மந்தையில் இரண்டு ஆடுகள் அடிபட்டுச் செத்தன. மேய்த்துவந்த சிறுவன் மூன்றடி பின்னால் நின்றான். ஆட்டுக்குப் பணம் கொடுத்தேன். அந்த மூன்றடியை இன்றும் நான் மறக்கவில்லை.

இதைத் தம்பியிடம் சொன்னபிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார். வேகத்துக்காக அவர் இதைத் தொடங்கவில்லை. தாயாரை மாதந்தோறும் மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். நான்குபேர் ஏறி ஏசியைப் போட்டால் கார் மூச்சு வாங்குகிறது, புகை தள்ளுகிறது. ஆலய வளாகத்தில் அந்தப் புகையைப் பார்த்து நம்மில் சிலர் சிரித்ததையும் அவர் மறக்கவில்லை. அப்பாவின் வண்டியைப் பார்த்து இனி யாரும் சிரிக்கக்கூடாது என்பதே அவர் முதல் எண்ணம். ஆகவே, பிரியமானவர்களே, நீங்கள் என்னைக் கண்டிக்கச் சொன்ன காரியத்தில் நமக்கும் கொஞ்சம் பங்கிருக்கிறது.

புகை தள்ளும் 796 சிசி என்ஜின் களைத்த என்ஜினே தவிர, திறமற்ற என்ஜின் அன்று. ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் ஓடியது இதே என்ஜின்தான். கோவையைச் சேர்ந்த கரிவரதன் அந்தக் கார்களைக் கட்டினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தபின், செட்டிபாளையத்திலுள்ள பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரிவரதனின் வழியை யோசித்துப் பாருங்கள்: எளிய காரின் சிறிய என்ஜினை எடுத்து, அதற்கேற்ற இலகுவான உடலைச் சமைத்தார்; பொதுச் சாலைக்கு வெளியே, தடத்தில் ஓட்டினார். பெரிய என்ஜின் ஏற்றியே தீரவேண்டும் என்ற ஆசையுள்ள வாலிபர்களுக்கு அப்படிப்பட்ட தடங்கள் இருக்கின்றன. அந்தக் கலையை நான் இகழவில்லை.

நம் தம்பிக்கு நான் சொன்ன யோசனை இது. பழைய என்ஜினையே புதுப்பிக்கட்டும். லேத் பட்டறையில் சிலிண்டரைப் போர் பண்ணி, அளவு கூடிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட், ஆயில் சீல் எல்லாம் மாற்றினால், பிறந்த நாளின் திறன் பெரும்பாலும் திரும்பும். உதிரிபாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. என்ஜின் எண் மாறாது. பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது தலைகுனிய வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தைத் தரைத் தகட்டுக்கும் பிரேக்குக்கும் செலவிடலாம். காரின் விற்பனை விலையைவிடச் செலவு அதிகமாகக்கூடும் என்பதும் உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. தகப்பன் ஓட்டிய வண்டிக்கு விற்பனை விலையை வைத்து மதிப்புப் போட எனக்குத் தோன்றவில்லை. அது அவரவர் மனம்.

தம்பி ஒரு நாள் யோசித்தார். வியாழக்கிழமை காலை பழைய என்ஜினின் சிலிண்டர் பிளாக்கை ஒரு டாட்டா ஏஸில் ஏற்றி ராமநாதபுரத்துக்கு அனுப்பியிருக்கிறார். எஸ்டீம் என்ஜின் முற்றத்தில் சாக்கு மூடிக் கிடக்கிறது. ரசீது இல்லாமல் வாங்கியது. விற்ற கடையில் பாதி விலைக்குத் திருப்பி எடுப்பதாகச் சொல்கிறார்களாம். அந்த நஷ்டம் அவருக்குச் சிறியதன்று.

பிளாக் அடுத்த வாரம் திரும்பிவரும். இறக்கும்போது வேப்பமரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டியிருக்கிறார். கிளை விரிசல் விட்டிருப்பதை நானே பார்த்தேன். ஏற்றும்போது அது வேண்டாம். ஆலய மண்டபம் கட்டியபோது வாங்கிய கனத்த இரும்புக் குழாய்கள் குருமனைக் கொட்டகையில் கிடக்கின்றன. மூன்றைக் கூட்டி முக்காலி செய்யலாம். வெல்டிங் தெரிந்த சகோதரர்கள் இருவராவது வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தால் நலம். கிரைண்டர் சத்தத்தைப் பற்றி என்னிடம் முறையிட்ட மூவரையும் எதிர்பார்க்கிறேன். தேநீர் குருமனையில்.