திரையைக் காட்டுங்கள்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு முகமையிலிருந்து எக்செல் கோப்பு வந்தது. இடப்பக்கம் ஜெர்மன் சொற்கள், வலப்பக்கம் காலி. 4,000 வரிகள். வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலம் வேண்டுமாம். எந்த மென்பொருளுக்கு என்ற தகவல்கூட இல்லை. 212-ஆம் வரியில் ஒரே ஒரு சொல்: லைஸ்டுங்.

ஜெர்மனியின் மன்ஹைமில் ஒன்பது வருடமாக மொழிபெயர்ப்புதான் என் தொழில். ஆனாலும் இந்தச் சொல்லைக் கண்டால் இன்றைக்கும் கை நின்றுவிடும். மோட்டாரில் ஒட்டிய தகட்டில் லைஸ்டுங் என்றால் கிலோவாட் கணக்கிலான திறன். ஊழியர் மதிப்பீட்டில், அவர் வேலை பார்த்த நேர்த்தி. காப்பீட்டில், பாலிசிதாரருக்குக் கிடைக்கும் பலன். செலவுக் கணக்கில், ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குச் செய்துகொடுத்த வேலை. விற்பனை வரிச் சட்டத்திலோ கொடுத்த சரக்கும் செய்த சேவையும் சேர்ந்தே லைஸ்டுங். ஆங்கிலத்தில் அதற்கு 'சப்ளை' என்று பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு பட்டியலில் 'லைஸ்டுங்ஸ்டாட்டும்' வந்தது. டாட்டும் என்றால் தேதி. 'பெர்ஃபார்மன்ஸ் டேட்' என்று எழுதிக் கொடுத்தேன். அது இன்வாய்ஸில் அச்சாகப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெர்மன் சட்டப்படி இன்வாய்ஸ் எழுதிய தேதி மட்டும் போதாது. சரக்கு கொடுத்த அல்லது வேலை முடித்த காலத்தையும் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் அதைப் பெற்ற கணக்காளருக்கு அது என்ன தேதி, எந்த மாதத்து வரியில் சேர்ப்பது என்று விளங்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார். இன்வாய்ஸை அனுப்பிய சிறு தொழிற்கூடத்துக்கு வரவேண்டிய பணம் ஆறு வாரம் தள்ளிப்போனது. அந்த ஆறு வாரத்தை நான் மறக்கவில்லை.

'ஸோல்' இன்னும் வில்லங்கமானது. செலவுத் திட்டத்தில் அது 'இவ்வளவு ஆகியிருக்க வேண்டும்' என்ற இலக்கு. கணக்கேட்டில் அதே சொல் பற்று. எதிரே நிற்கும் 'ஹாபென்' வரவு. எஸ்.ஏ.பி. மென்பொருளில் பற்றுக்கு 'எஸ்', வரவுக்கு 'எச்' என்பதுதான் இன்றும் குறி. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் டெபிட்டுக்கு 'டி' எங்கே என்று தேடுவார். 'டி' வேறொரு கட்டத்தில் இருக்கிறது. அங்கே அது டெபிடோர், அதாவது நம்மிடம் வாங்கிய வாடிக்கையாளர். அதே கட்டத்தில் 'எஸ்' வந்தால் பற்று என்று பொருளில்லை, பொதுப் பேரேட்டுக் கணக்கு. 1972-இல் ஐ.பி.எம்.மை விட்டு வந்த ஐந்து பேர், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள வைன்ஹைமில் தொடங்கிய நிறுவனம் எஸ்.ஏ.பி. திரைகள் பல மொழிக்கு மாறிவிட்டன. அடியில் ஜெர்மன் சுருக்கங்கள் அப்படியே கிடக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் அதில் வேலை செய்பவர்கள் நாள்தோறும் சொல்லும் 'மேட்னர்' (பொருள் எண்), 'புக்ரஸ்' (நிறுவனக் குறியீடு) எல்லாம் அவைதான்.

கும்பகோணத்தில் என் அப்பா ஒரு பாத்திரக் கடைக்குக் கணக்கு எழுதினார். பேரேட்டில் 'பற்று' என்றிருந்தால் யாரும் அதைப் பாசம் என்று படிப்பதில்லை. எந்தப் பத்தியில் நிற்கிறது என்பதே பொருளைச் சொல்லிவிடும். ஜெர்மன் கணக்கர் 'ஸோல்' படிப்பதும் அப்படித்தான். எக்செல் பட்டியல் அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டுச் சொல்லை மட்டும் என் கையில் தருகிறது.

ஒரு சொல்லுக்கு ஒரே ஆங்கிலச் சொல் என்று அகராதி செய்துவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். தீராது. வாடிக்கையாளர் நமக்குத் தரும் ஆர்டர் 'அவுஃப்ட்ராக்'. பட்டறையில் ஓடும் உற்பத்தி ஆர்டரும் 'அவுஃப்ட்ராக்'தான். ஒன்று விற்பவருக்கு, மற்றது மெஷின் ஓட்டுபவருக்கு. அகராதிக்கு எப்படித் தெரியும் யார் படிக்கிறார் என்று? இயந்திர மொழிபெயர்ப்புக்கும் இதே குருட்டுப் பட்டியலைத்தான் கொடுக்கிறார்கள். அதுவும் ஊகிக்கத்தான் செய்யும்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் திரையின் ஸ்கிரீன்ஷாட், அதைப் பயன்படுத்துபவர் யார் என்று ஒரு வரி, நிரப்பிய மாதிரி ஒன்று. நிரலில் அந்தச் சொல்லை எழுதியவருக்கு இவை அன்றே தெரியும். குறித்துவைக்க ஒரு நிமிடம் ஆகும். இது இல்லாத பட்டியலை மொழிபெயர்ப்பாளர்கள் வாங்கவே கூடாது. சந்தேகம் கேட்க ஒரு கணக்காளரின் தொலைபேசி எண்ணும் வேண்டும்.

212-ஆம் வரிக்கு விளக்கம் கேட்டு எழுதினேன். நான்காம் நாள் படம் வந்தது. முதியோர் இல்லத்துச் செவிலியர் பார்க்கும் திரை. மேலே ஒரு பாட்டியின் அறை எண், கீழே குளிப்பாட்டியது, காலுறை மாட்டிவிட்டது என்று வரிசையாக டிக் செய்யும் கட்டங்கள், அதற்குத் தலைப்பு லைஸ்டுங். 'சர்வீஸ்' என்று நிரப்பினேன். மீதி 3,788 வரிக்கும் படம் கேட்டிருக்கிறேன்.