தாயகத் தமிழரும் கடல் கடந்த தமிழரும்

ஒரு தாய் மக்களாயினும், தாயகத் தமிழரும் கடல் கடந்த தமிழரும் தம் மொழியை ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை.

1965 வரை தருமபுரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவினின்று, கங்காணிகள் வாயிலாக மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைகள் பலர். அத்தகையோரின் வழித்தோன்றல்கள் இன்று மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளைப் பேணி வருகின்றனர். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கூடியதும் கோலாலம்பூரிலேயே.

நமக்குத் தமிழ் காற்றைப் போன்றது, அதனை எண்ணுவதில்லை. அவர்க்கோ அது காற்றிடை ஏந்திய அகல்விளக்கு, கைகுவித்துக் காக்கின்றனர். அதனைப் பழமைப் பற்றென நாம் நகைத்தல் தகாது. யூதர் எருசலேமின் அருமையை உணர்ந்தது பாபிலோன் சிறையிருப்பில் அன்றோ?

பிரிவுத் துயர் வாராமுன்னரே நாமும் உணர்தல் நன்று. அதியமானின் தகடூராகிய தருமபுரியில், தமிழ் பயில்வாரை நோக்கி, “இதனால் யாது பயன்?” என்று வினவுவது முறையாகுமோ?