ஊசி வரிசையில் உழைப்பாளி எங்கே?

ஆரோவிலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் கண்ணில் படும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டைச் சூறையாடிய போது, அங்கே உப்பு வாரும் பருவம். கூட்டாக வாரி, கூட்டாகச் சுமக்கும் வேலை அது. வீட்டிலிருந்தபடி செய்ய முடியாது. அந்தத் தொழிலாளிக்குத் தடுப்பூசி வரிசையில் என்ன இடம் கிடைத்தது?

ஜனவரி 16-ந் தேதி மருத்துவ ஊழியர்களிலிருந்து தொடங்கினார்கள். அது நியாயமே. மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்களுக்கும், நோயுள்ள 45 வயது கடந்தவர்களுக்கும் போட்டார்கள். முதியோரே அதிகம் மடிந்தனர். ஆகவே அதிலும் குறை கூற மாட்டோம். ஆனால் 60 வயதுக்குட்பட்டோரிடம் நோய்க்கு டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள். ஒருநாளும் இரத்த அழுத்தம் பார்த்தறியாத உப்பளத் தாய், சர்டிபிகேட்டுக்கு எங்கே போவாள்?

மே 1-ல் நடந்ததோ பெரும் அநியாயம். 18 முதல் 44 வயதுள்ளோரின் பொறுப்பை மத்திய சர்க்கார் கைகழுவியது. கால் பங்கு மருந்து தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு என்றது. சர்க்காருக்கு 150 ரூபாய்க்குக் கொடுத்த கோவிஷீல்டுக்குத் தனியாரிடம் 600 ரூபாய் என்று கம்பெனி விலை வைத்தது. இந்த வயதினர் முதலில் இணையதளத்தில்தான் பதிய முடிந்தது. பணமும் செல்போனும் உள்ளவர் முன்னே, உழைப்பவர் பின்னே!

இந்த வயதினரிடம் காசு கேட்பது தன்னிச்சையானது, அறிவுக்கு ஒவ்வாதது என்று மே 31-ல் சுப்ரீம் கோர்ட்டே கருத்துத் தெரிவித்தது. ஜூன் 21 முதல் சர்க்கார் மையங்களில் எல்லோருக்கும் இலவசமாயிற்று. தனியாரின் கால் பங்கு மட்டும் நீடித்தது.

‘பற்றாக்குறை, என்ன செய்வது?’ என்றார்கள். பற்றாக்குறை வானத்திலிருந்து விழவில்லை. பொதுப்பணத்தில் செங்கல்பட்டில் எழுப்பிய தடுப்பூசி ஆலை அந்நாட்களில் உற்பத்தியின்றி முடங்கிக் கிடந்தது!

பெரியம்மையை ஒழித்தது எப்படி? ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று அம்மை குத்தினார்கள். 1975-ஓடு இந்தியாவில் அந்நோய் ஒழிந்தது.

இன்னொரு கொள்ளை நோய் வரலாம். ஆகவே இப்போதே வற்புறுத்துகிறோம்: வயதோடு, வேலையின் ஆபத்தையும் கணக்கிலெடுத்து வரிசையை நிர்ணயிக்க வேண்டும். ஊசி உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் தேடி வர வேண்டும். அன்றைய கூலியை வெட்டக் கூடாது. ஏழைக்குப் போட்டு முடியும்வரை ஒரு சொட்டு மருந்தும் சந்தைக்குப் போகக் கூடாது.

தொழிலாளத் தோழர்களே! சங்கக் கூட்டங்களில் இதை விவாதியுங்கள், தீர்மானமாக்கி அனுப்புங்கள். நோய் வந்தபின் வரிசைக்கு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.